என் உயரத்துக்கு ஒரு மெழுகுதிரி

பெரியதாழையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் படுத்தால் ராத்திரி கிழக்கே ஒரு வெளிச்சம் வந்து வந்து போகும். மணப்பாட்டு லைட்டவுஸ். ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே கிடப்பேன். எந்த எண்ணில் தூங்கினேன் என்று ஒருநாளும் காலையில் ஞாபகம் இருந்ததில்லை. எனக்கு அது வேடிக்கை. அப்பாவுக்கு அது பிழைப்பு. இருட்டில் நீவாடு, அதாவது நீரோட்டம், கட்டுமரத்தை எங்கே இழுத்துக்கொண்டு போயிருக்கிறது என்று தெரியாதபோது அந்த வெளிச்சத்தைப் பார்த்துத்தான் கரையைப் பிடிப்பார். பகலில் என்றால் கணக்கு இன்னும் நுட்பம். மணப்பாட்டுக் குன்றின் மேலுள்ள சிலுவைக் கோயிலும் லைட்டவுஸும் ஒன்றையொன்று ஒட்டி வரவேண்டும். இந்தப் பக்கம் எங்கள் ஊர்க் கோயில் கோபுரம் ஒரு குறிப்பிட்ட பனங்கூட்டத்துக்கு நேரே நிற்கவேண்டும். இரண்டும் கூடி வருகிற இடத்தில் கல்லைப் போட்டால் அடியில் பார் என்கிற பாறைத்திட்டு இருக்கும், பாரில் மீன் இருக்கும். எங்கள் தாத்தா அப்பாவுக்கு விட்டுப்போன சொத்து என்று பார்த்தால் அந்த இரண்டு கோடுகள்தான்.

அந்தக் குன்றுக்கு நான் போனது 1986-ஆம் வருஷம், தபசுக் காலத்தில். போப்பாண்டவர் பிப்ரவரி 5-ஆம் தேதி மெட்ராசுக்கு வந்து போயிருந்தார். பார்த்துவிட்டு வந்த எங்கள் ஊர்க்காரர்கள் இன்னும் அதையே பேசிக்கொண்டிருந்தார்கள். நான் நாலாங்கிளாஸ். முந்தின மழைக்காலத்தில் எனக்கு டைபாய்டு வந்து, பிழைப்பானா என்று கேட்கிற அளவுக்குப் போயிருந்தது. அப்போதுதான் அப்பாச்சி மணப்பாட்டுத் திருச்சிலுவைக்கு நேர்ந்துகொண்டாள்: பிள்ளை எழுந்து நடந்தால் அவன் உயரத்துக்கு ஒரு மெழுகுதிரி, கடற்கரை வழியே நடந்தே கொண்டுவந்து ஏற்றுகிறேன். படுத்துக்கிடந்த என்னை உச்சந்தலையிலிருந்து குதிகால்வரை வலை நூலால் அளந்து, முடிச்சுப் போட்டு, மாதா சுரூபத்துக்குப் பக்கத்து ஆணியில் அந்த நூலை மாட்டியும் வைத்துவிட்டாள்.

வந்தது வினை அந்த நூலால்தான். காய்ச்சல் விட்ட பிள்ளை வளரும் என்பார்கள். நான் இரண்டு விரற்கடை வளர்ந்திருந்தேன். மெழுகுதிரி நேர்ந்த உயரத்துக்கா, இப்போது நிற்கிற உயரத்துக்கா? அம்மா இப்போதைய உயரம் என்றாள். சாமி காரியத்தில் கஞ்சத்தனம் கூடாது. பக்கத்து வீட்டுக்காரர்களும் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். அப்பாச்சி ஒரே வார்த்தையில் முடித்தாள். “காய்ச்சல்ல கெடந்தவனுக்குத்தாம் நேந்தேன். நிக்கவனுக்கு இல்ல.” தூத்துக்குடியில் சொல்லிவைத்து அந்த நூல் அளவுக்கே செய்து வாங்கியாயிற்று.

சனிக்கிழமை மத்தியானம் அப்பா கடலிலிருந்து வந்து, குளித்து, ஒருவாய் சாப்பிட்டதும் கிளம்பினோம். ஞாயிற்றுக்கிழமை எங்கள் கரையில் யாரும் கடலுக்குப் போவதில்லை; அதனால்தான் அப்பாவால் வரமுடிந்தது. அம்மா தம்பிப் பாப்பாவோடு வீட்டில் தங்கிவிட்டாள். மணப்பாடு 7 மைல் இருக்கும். மெழுகுதிரியை ஈரச் சாக்கில் சுற்றி, துடுப்பைத் தோளில் போடுவதுபோல் போட்டுக்கொண்டு அப்பா முன்னால் நடந்தார். வலது கைப்பக்கம் கடல். இடது பக்கம் வெள்ளை மணல், அடம்பங்கொடி, உடைமரம். அதற்கப்பால் செம்மண் தேரியும் பனையும். வெயில் முதுகில் விழ, எங்கள் நிழல் எங்களுக்கு முன்னால் மணப்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. இராவணன் மீசை பந்து பந்தாகக் காற்றில் உருண்டு வரும், நான் துரத்துவேன். “ஏலே, காய்ச்சல்காரா, மெதுவா வா” என்பாள் அப்பாச்சி. அவள் கடைசிவரை என்னை அந்தப் பெயரிலிருந்து விடவே இல்லை.

வழியில் பனைக்கு அடியில் ஒருவர் பதநீர் இறக்கிக்கொண்டிருந்தார். அப்போதுதான் பருவம் தொடங்கியிருந்தது. அப்பாச்சிக்கு அன்று ஒருசந்தி, அவள் குடிக்கவில்லை. எனக்கு ஓலைப் பட்டையில் ஊற்றித் தந்தார். இனிப்பும் சுண்ணாம்பு வாசனையும் பச்சை ஓலை வாசனையும் சேர்ந்து தொண்டையில் இறங்கின. உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததாகப் பத்திரிகையில் பார்த்தபோது எனக்கு முதலில் நாக்கில் வந்தது அந்தப் பட்டைதான்.

பாதி வழியில் சாக்குக் காய்ந்துவிட்டது. அப்பா கடல்தண்ணீரில் நனைத்துக்கொள்ளலாம் என்றார். “உப்புத்தண்ணி மெழுகுக்கு ஆவாது” என்றாள் அப்பாச்சி. ஆகுமா ஆகாதா என்று இருவருக்கும் தெரியாது. ஆனால் தெரியாத விஷயத்தில் அப்பா தன் அம்மாவிடம் தோற்பதே வழக்கம். இருட்டுகிற நேரத்தில் அத்தை வீட்டு வாசலில் சாக்கைப் பிரித்தபோது என் உயர மெழுகுதிரி கருவாட்டுக்குக் காயப்போட்ட வாளை மீன் மாதிரி வளைந்து கிடந்தது. அப்பாச்சி வாயே திறக்கவில்லை. அப்பா கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அத்தை வீட்டைச் சொல்லவேண்டும். பெரியதாழையில் நான் பார்த்து வளர்ந்தது ஓலைக் குடிசையும் ஓட்டு வீடும். மணப்பாட்டுத் தெருவில் இரண்டு பக்கமும் மாளிகைகள். வளைவு வளைவாக முகப்பு, தூண், மேல் மாடத்தில் மரக் கிராதி, கதவுக்கு மேலே வண்ணக் கண்ணாடி. கொழும்பில் கடை வைத்துச் சம்பாதித்தவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கட்டியவை. பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. திருவிழாவுக்கு மட்டும் திறப்பார்கள். செப்டம்பர் 14 திருச்சிலுவைத் திருநாள் சமயத்தில் வந்தால் கால்வைக்க இடமிருக்காது என்பார்கள். நாங்கள் போன அன்று தெருவில் ஒரு ஆடும் நாங்களும்தான். கடல் இரைச்சல் தெருவுக்குள் நுழைந்து ஒவ்வொரு வாசலிலும் நின்று கேட்டுவிட்டுப் போவதுபோல் இருந்தது.

மாமாவும் கொழும்புக் கடைக்காரர். 1983 ஜூலைக் கலவரத்தில் கடை எரிந்து, கட்டின வேட்டியோடு வந்தவர். அதைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் கடைக்காரருடைய கை சும்மா இருக்காது. விளக்கு வைத்ததும் மேசையில் நீளமான பேரேட்டை விரித்து அன்றைய வரவு செலவை எழுதுவார். கடை இல்லை, சரக்கு இல்லை, கணக்கு மட்டும் இருந்தது. கத்தரிக்காய் எட்டணா, தபால் கார்டு, சவரம். அன்று எங்களைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியை மேலேற்றிக்கொண்டு வரவுப் பக்கம் எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன். “பெரியதாழையிலிருந்து ஆள் 3. மெழுகுதிரி 1 (வளைவு).” நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்திருக்கலாம், சுருட்டு வாயில் இருந்ததால் தெரியவில்லை.

இரவுச் சாப்பாடு இடியாப்பமும் சாளைக் குழம்பும் தேங்காய்ச் சம்பலும். சம்பல் கொழும்புப் பக்குவம். மாசிக்கருவாட்டுத் தூள் சேர்த்து இடித்தது. இறைச்சிதான் தபசுக் காலத்தில் ஆகாதே தவிர மீனுக்குத் தடையில்லை. எங்கள் கரைக்கு மட்டும் மீனையும் தடுத்திருந்தால் சனங்கள் வேதத்தில் இருந்திருப்பார்களா என்பது சந்தேகம். ரேடியோவில் இலங்கை வானொலி, பக்கத்து அறையிலிருந்து பேசுவதுபோல் தெளிவாகக் கேட்டது. செய்தி வந்ததும் மாமா எழுந்து வெளியே போய்விட்டார். அத்தை எழுந்து ரேடியோவை நிறுத்தினாள். மாடியில் பாய்விரித்துப் படுத்தபோது லைட்டவுஸ் வெளிச்சம் தலைக்குமேலே போயிற்று. திண்ணையிலிருந்து பார்க்கிறபோது அது வந்து வந்து போகும். இங்கே நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. அன்றைக்குத்தான் தெரிந்தது, அது அணைந்து அணைந்து எரியவில்லை என்று.

ஞாயிறு காலை யாகப்பர் கோயிலில் பூசை. சாமியாரைக் கண்டதும் அப்பாச்சி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு “தோத்திரம் சாமி” என்று கும்பிட்டாள். வீட்டுக்கு வந்ததும் மெழுகுதிரி வைத்தியம் தொடங்கியது. யோசனை அத்தையுடையது. உச்சி வெயிலில் மாடித் தளம் தோசைக்கல்லாகக் காய்ந்திருக்கும்; அதில் உருட்டினால் இளகி நேராகும். மூன்று பெரியவர்கள் குந்தி உட்கார்ந்து ஒரு மெழுகுதிரியை அப்பளம் தேய்ப்பதுபோல் உள்ளங்கையால் உருட்டிக்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக நேராகி வந்தது. “போதும், போதும்” என்று அப்பா சொல்லச் சொல்ல அப்பாச்சி கடைசியாக ஒரு அழுத்து அழுத்தினாள். நடுவில் பட்டென்று ஒரு சத்தம். திரி மட்டும் பிடித்துக்கொண்டிருக்க இடுப்பு முறிந்துவிட்டது. மாமா ஒன்றும் சொல்லாமல் கீழே போய், கரண்டியை அடுப்பில் காயவைத்துக் கொண்டுவந்து, முறிவின் மேல் வைத்து மெழுகை இளக்கிப் பூசினார். டாக்டர் தையல் போடுகிற மாதிரி அவ்வளவு பொறுமை. ஆறியபிறகு அந்த இடம் மட்டும் கணுப்போலப் புடைத்து நின்றது. அப்பாச்சி தன் சுருக்குப்பையிலிருந்து வலை நூலை எடுத்து அந்தக் கணுவின்மேல் சுற்றி முடிந்தாள். முடிச்சுக்கு முடிச்சு சரியாக இருந்தது.

நாலு மணிக்குக் குன்று ஏறினோம். குன்று என்றால் மலையல்ல. மணலும் சிப்பித்தூளும் காலகாலமாக இறுகிப் பாறையான மேடு, கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறது. ஆனால் பொதிகையைப் பார்த்தவர்கள் சிரிக்கட்டும். தட்டையான கரையில் பிறந்த பிள்ளைக்கு அதுவே இமயம். மேலே வெள்ளைக் கோயில். ஒரு பக்கம் கடல். மறுபக்கம் கருமேனி ஆறு கடலில் சேருகிற காயல், அதில் கட்டின வள்ளங்கள். 1540 வாக்கில் போர்த்துகீசியக் கப்பல் ஒன்று புயலில் பாய்மரம் முறிந்து தத்தளிக்க, கரை சேர்ந்தால் முறிந்த மரத்திலேயே சிலுவை செய்து நாட்டுவேன் என்று கப்பல் தலைவன் நேர்ந்தானாம். அந்தச் சிலுவை நின்ற இடத்தில் பிற்பாடு கோயில் எழுந்தது என்பது ஊர் வழக்கு. அப்பாச்சி இந்தக் கதையை ஏறும்போதே சொல்லிக்கொண்டு வந்தாள். “முறிஞ்ச மரத்தையே ஏத்துக்கிட்ட சாமிக்கு முறிஞ்ச திரி என்ன கேவலம்?” என்று முடித்தாள். காலையிலிருந்து இதற்குத்தான் யோசித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

உள்ளே கோயில் பிள்ளை ஒருவரைத் தவிர ஆளில்லை. இரும்புத் தாங்கியில் மெழுகுதிரியை நிறுத்தினால் அது என்னைவிடக் குட்டையாக நின்றது. பக்கத்தில் போய் நின்று தலையில் கைவைத்து அளந்துபார்த்தேன். அந்த இரண்டு விரற்கடை இடைவெளியை அப்பாச்சியும் பார்த்தாள். உடனே முழங்காலில் விழுந்துவிட்டாள். காற்றில் சுடர் ஒருபக்கமாகப் படுத்துப் படுத்து எரிந்தது.

அதற்குப் பிறகு குகை. கடல்பக்கம் பாறைக்கு அடியில் இருக்கிறது. குனிந்துதான் நுழையவேண்டும். பிரான்சிஸ் சவேரியார் தங்கிச் செபம் செய்த இடம் என்பார்கள். அவருக்கு முன்னால் ஒரு சைவத் துறவி அங்கே இருந்தார் என்றும் சொல்வார்கள். உள்ளே சின்னதாக ஒரு கிணறு. கைக்கெட்டும் தூரத்தில் அலை அடிக்கிறது, கிணற்றுத் தண்ணீரோ உப்பில்லை. குடித்துப் பார்த்தால் லேசாகப் பாறை மணம். திருச்செந்தூரில் இதேபோல் நாழிக்கிணறு உண்டு, அங்கேயும் கடலை ஒட்டிக் குகை உண்டு. அதைச் சொல்லி நான் கேட்டதற்கு அப்பாச்சி யோசிக்கவே இல்லை. “அங்கன முருகன் வேலால குத்துனது, இங்கன சவேரியார் செபத்தால வந்தது. தண்ணி ஒரே தண்ணிதாம்ல.”

சவேரியாருடைய கடிதங்களைப் பல வருஷம் கழித்துத்தான் படித்தேன். 1542-இல் இந்தக் கரைக்கு வந்தவர். மணியை அடித்துக்கொண்டு தெருத்தெருவாகப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, தமிழில் மொழிபெயர்த்த மந்திரங்களைத் தாமே தட்டுத்தடுமாறிச் சொல்லிக்கொடுத்தவர். ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துபோவதாக எழுதியிருக்கிறார். 1544 ஜூனில் மணப்பாட்டிலிருந்து உதவியாளர் மான்சிலாசுக்கு எழுதியதில் ஒரு சேதி வருகிறது. வடக்கேயிருந்து வந்த வடுகப் படை குமரிக் கரையில் புகுந்து கொள்ளையடிக்க, சனங்கள் கடலுக்குள் ஓடிப் பாறைகளில் ஏறிப் பசியும் தாகமுமாகக் கிடக்கிறார்கள். இவர் 20 தோணிகளைத் திரட்டிக்கொண்டு உதவப் போகிறார். எதிர்க்காற்று. போய்ச்சேர முடியவில்லை. எங்கள் ஊரில் எந்தச் சிறுபிள்ளையைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பான்: ஆனி மாசம் மேற்கேயிருந்து அடிக்கிற கச்சானில் தோணியை மேற்கே ஏற்றுவானா? புனிதராக இருந்தாலும் காற்றைக் கேட்டுத்தான் பாய் கட்டவேண்டும்.

நான் கப்பல் வேலைக்குப் போனவன். எங்கள் கரையில் அது அதிசயமில்லை. ஒரு தடவை கப்பல் கிரேக்க நாட்டில் பைரேயஸில் பழுதுக்கு நின்றபோது, எஞ்சின் ரூமில் கூட வேலைபார்த்த ஒருவர் சனி ஞாயிறுக்குத் தன் அம்மா ஊருக்கு வா என்று தீனோஸ் தீவுக்கு அழைத்துப்போனார். துறையிலிருந்து ஒரே ஏற்றமாகத் தெரு மாதா கோயிலுக்குப் போகிறது. தெருவோரம் நீளமாகத் தரைவிரிப்பு. எதற்கென்று கேட்பதற்குள் ஒரு பாட்டி அதன்மேல் முழங்காலால் ஊர்ந்து ஏறிக்கொண்டிருந்தாள். இரண்டு பக்கமும் கடைகளில் ஆள் உயர மெழுகுதிரிகள் சாத்திவைத்திருந்தார்கள். எனக்கு அப்பாச்சியை உடனே பார்க்கவேண்டும்போல் இருந்தது. அவள் அப்போது இல்லை.

அவர் ஊர் இன்னும் மேலே, எக்சோம்பூர்கோ என்ற மொட்டைப் பாறைக்குக் கீழே. கத்தோலிக்கக் கிராமம். பாறை உச்சியில் வெனிஸ்காரர்களுடைய கோட்டை இடிந்து கிடக்கிறது. 1715-இல் துருக்கியர் கைக்குப் போனதாம். வெள்ளை வீடுகள், வளைவுகள், பூட்டின கதவுகள், வெளிநாட்டில் சம்பாதிக்கிற பிள்ளைகள், தெருவில் ஒரு ஆடு. கிழவிகளுடைய முக்காடுகூட அதே மாதிரிதான். இத்தனை கடலைக் கீழே வைத்துக்கொண்டு மேலே வந்து ஏன் வீடு கட்டினீர்கள் என்று கேட்டேன். அவர் அம்மா சொன்னதை அவர் மொழிபெயர்த்தார்: கடலிலிருந்துதானே கொள்ளைக்காரன் வருவான். ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்களுக்கு எல்லாம் தலைகீழ். கொள்ளைக்காரன் குதிரையேறித் தரையிலிருந்து வந்தான். நாங்கள் ஓடி ஒளிந்தது கடலுக்குள். குன்றின்மேல் சிலுவையை மட்டும் வைத்துவிட்டுக் கீழே மணலில் குடியிருக்கிறோம்.

அந்தக் கிரேக்கர்களுக்கு எங்கள் கரை புதிதுமல்ல. சுமார் முதல் நூற்றாண்டில் அவர்கள் மொழியில் எழுதிய செங்கடல் வழிநூலில் குமரியும் கொற்கையும் வருகின்றன. கொற்கையில் தண்டனைக் கைதிகளைக்கொண்டு முத்துக் குளித்ததாக எழுதிவைத்திருக்கிறார்கள். அப்பாச்சி இதைக் கேட்டிருந்தால் சண்டைக்குப் போயிருப்பாள். அவள் அப்பா முத்துக்குளித்தவர்.

இப்போது மணப்பாட்டில் சினிமா எடுக்கிறார்கள். மணிரத்னத்தின் ‘கடல்’ அங்கே எடுத்ததுதான். அலைமேல் பலகையில் நின்று விளையாட வெளியூர்ப் பிள்ளைகள் வருகிறார்கள். பக்கத்தில் குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் தளத்துக்கு 2024 பிப்ரவரி 28-இல் அடிக்கல் நாட்டினார்கள். பெரியதாழையில் கடல் ஊரைத் தின்ன வந்ததால் கல்லைக் கொட்டித் தூண்டில் வளைவு போட்டிருக்கிறார்கள். நாங்கள் மெழுகுதிரியோடு நடந்த ஈரமணல் இப்போது எந்த இடம் என்று காட்டச் சொன்னால் எனக்குக் கடலைத்தான் காட்டத் தெரியும்.

அந்த ஞாயிறு சாயங்காலம் குகையிலிருந்து மேலே ஏறி வந்தோம். அப்பாச்சி கோயில் நடையில் செபமாலையை உருட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அப்பாவைக் காணோம். பாறை முடிகிற விளிம்பில், கோயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். திருவிழாக் கூட்டத்தில் அவர் இங்கே எத்தனையோ தடவை வந்திருப்பார். கூட்டத்தில் முன்னால் நிற்பவன் தலையைத்தான் பார்க்கமுடியும். இன்று குன்று காலியாக இருந்தது. கண்ணுக்குமேல் கையைக் குடைபிடித்துத் தெற்கே பார்த்தார். கொஞ்சம் நகர்ந்துபோய் லைட்டவுஸுக்கு நேரே நின்று பார்த்தார். திரும்பிவந்து கோயில் முகப்புக்கு நேரே நின்று பார்த்தார். பிறகு இரண்டுக்கும் நடுவில்.

“என்னப்பா தேடுதீய?”

“நம்ம பாரு எங்கன கெடக்குன்னு பாக்கேன்.”

நானும் பார்த்தேன். கடல் முழுக்க ஒரே நீலம், வெயில் சாய்ந்த பக்கம் மட்டும் தகரம் மாதிரி மின்னியது.

“தெரியுதாப்பா?”

“இல்ல.” இன்னும் கொஞ்சநேரம் நின்றார். “அங்கேர்ந்து பாத்தா இது தெரியிது. இங்கேர்ந்து பாத்தா அது தெரியல.” அதை எனக்குத்தான் சொன்னாரா என்று தெரியாது. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். அப்பாச்சியிடம் சொல்லிக்கொண்டு, மாமா வீட்டுக்குக்கூடத் திரும்பாமல், கரைவழியே ஊருக்கு நடக்கத் தொடங்கினார். விடியுமுன் மரத்தை இறக்கவேண்டும். வெள்ளைச் சட்டை வெகுதூரம்வரை தெரிந்தது.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் மட்டம். உடன்குடி போகிற பஸ் பிடிக்குமுன் ஒரே ஒரு தடவை குன்றுக்குக் கூட்டிப்போ என்று அழுதேன். அப்பாச்சி முனகிக்கொண்டே ஏறினாள். கோயிலில் மெழுகுதிரி தாங்கியோடு உருகி உறைந்திருந்தது. கருகின நூல் அதில் ஒட்டிக்கிடந்தது. நான் விளிம்புக்கு ஓடினேன். மேற்கே தொலைவில் ஏழெட்டுப் பாய்கள். எல்லாம் ஒரே பழுப்பு, எல்லாம் ஒரே அளவு. எது எங்கள் மரம் என்று தெரியவில்லை. சட்டையைக் கழற்றி எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆட்டினேன். அப்பா அந்நேரம் கோயிலையும் லைட்டவுஸையும் ஒன்றுசேர்க்க இந்தப் பக்கம்தானே பார்த்துக்கொண்டிருப்பார்.

“லே காய்ச்சல்காரா, சட்டையப் போடு. வாடைக்காத்து ஒனக்கு ஆவாது.”